அவள் கைக்கு ஒரு கத்தி

வெண்டைக்காயில் ரத்தம் இருந்தது. அதை முதலில் பார்த்தது நான்தான். என் மனைவிக்குத் தெரியவில்லை. இடது ஆள்காட்டி விரலை நன்றாக அறுத்துக்கொண்டு, அறுத்துக்கொண்டதே தெரியாமல், அடுத்த காயை எடுத்துக் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கீமோ முடிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அது. மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப்போகுமே, அதுபோல இருக்கும், உதறினால் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். ரத்தம் சொட்டுகிற விரலை அவள் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வாயிலிருந்து வரும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். "உன்னை யாரு சமையல்கட்டுக்கு வரச் சொன்னா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன்.

"ரெண்டு மாசமா நீங்க வைக்கிற சாம்பாரைத் தின்னுட்டிருக்கேன். விரல் போனாலும் பரவால்லன்னு வந்துட்டேன்," என்றாள் அவள். விரலில் துணியைச் சுற்றியபடியே சொன்னாள்.

அவள் இப்படித்தான். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் நான் ஒன்று சொல்லி அவள் "சரி" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதிலிருந்து பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பது வரை எல்லாவற்றுக்கும் சண்டை. நானும் சளைத்தவன் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு நாள் சத்தம் இல்லையென்றால் எதிர்வீட்டுக்காரர் வந்து ஊரில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போவார்.

அன்றைக்கு வீட்டிலிருந்த கத்தி எல்லாவற்றையும் துண்டில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே நான் கத்தியைக் கையில எடுத்தேன். அதையும் புடுங்கிட்டீங்க. இனிமே நான் இங்க விருந்தாளி. போறப்ப சொல்லிட்டுப் போறேன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

கத்தி விஷயத்தில் அவளுக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு, ஆனால் அவளிடம் அது சட்டம். கத்தியைக் கையோடு கையாகக் கொடுக்கக் கூடாது. கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். கல்யாணமான புதிதில் நான் வேண்டுமென்றே ஒருமுறை தேங்காய் கீறுகிற கத்தியை அவள் கையில் திணித்தேன். அன்று சாயங்காலமே அவள் அண்ணனைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்றாள் நான்காம் நாள். சண்டையில் ஜெயித்ததைவிடச் சாஸ்திரம் பலித்ததில்தான் அவளுக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு நான் கீழேதான் வைப்பேன். நம்பிக்கையெல்லாம் கிடையாது. பழகிவிட்டது.

அவளுடைய மரத்த கைக்கு ஏற்ற ஒரு கத்தியைத் தேடினேன். கடையில் விற்கிற எதுவும் ஒத்துவரவில்லை. பிளாஸ்டிக் பிடி பென்சில் கனம் இருக்கிறது. பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்துப் பார்த்தேன். கையெல்லாம் கறுப்பு ஒட்டியது. "கையில இருக்கா இல்லையான்னே தெரியல. காத்தைப் புடிச்சிட்டிருக்க மாதிரி இருக்கு," என்றாள். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். பிடி தடிமனாக, கையின் பள்ளத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும், கொஞ்சம் கனமாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் மரத்த கைக்குப் பொருள் இருப்பது தெரியும் என்று அந்தப் பெண் சொன்னது.

அன்று ராத்திரி போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவர் இரும்புத் துண்டை நெருப்பில் போட்டு, அடித்து, தேய்த்து, பளபளவென்று ஒரு கத்தி செய்து முடித்தார். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். நமக்கு மூன்று நாள் ஆகும் என்று நினைத்தேன்.

நான் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுகிறவன். வலங்கைமானில் ரோட்டின்மேல் கடை. போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்ட மாசங்களில் வேலை குறைவு. அப்போது அப்படிப்பட்ட நேரம்தான். மயிரிழை போன்ற தாமிரக் கம்பியைச் சுற்று தவறாமல் சுற்றுகிற கைக்கு ஒரு கத்தி என்ன பெரிய வேலை என்று இருந்தது எனக்கு. இரும்பைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கொல்லையில் குழி தோண்டி, செங்கல் அடுக்கி, களிமண் பூசி உலை வைத்தேன். கரிக்குக் கொட்டாங்கச்சியை எரித்து வைத்துக்கொண்டேன். காற்றுக்குக் கடையில் கிடந்த ஒரு புளோயர் மோட்டாரைச் சரிசெய்து பொருத்தினேன். அதில் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர். சுவிட்சைப் போட்டதும் உலையில் இருந்த நெருப்பு முழுக்கக் கிளம்பிப் போய்த் துணிக்கொடியில் விழுந்தது. அவளுடைய மஞ்சள் நைட்டியில் ஏழெட்டு ஓட்டை.

அவள் பின்வாசலில் வந்து நின்று நைட்டியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கத்தி செய்யறேன்னு சொன்னீங்க. சல்லடை செஞ்சிருக்கீங்க," என்றாள். பிறகு அரைமணி நேரம் திட்டினாள். அந்தச் சமயத்தில் அவள் தலையில் முடி முழுக்கக் கொட்டியிருந்தது, ஒரு இட்லியைத் தின்ன அரைமணி ஆகும். ஆனால் திட்டுகிற குரல் பழைய குரலாகவே இருந்தது. நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

முதல் கத்தியை வீடு கட்டியபோது மிஞ்சிய கம்பியில் அடித்தேன். பட்டறைக்கல் கிடையாது, பழைய ஆயில் இன்ஜின் சக்கரத்தைப் படுக்கப்போட்டு அதன்மேல் வைத்து அடித்தேன். நான்கு நாளில் கத்தி மாதிரி ஒரு உருவம் வந்தது. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன், சாணைக்கல்லில் தீட்டினேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. கேரட்டில் வைத்து அழுத்தினால் கூர் மடங்கிக்கொண்டது. மறுபடி தீட்டினேன், மறுபடி மடங்கியது. அவள் அதை விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, கண்ணாலேயே பார்த்துவிட்டு, "இதுல வெண்ணெய் தடவலாம்," என்றாள்.

கும்பகோணம் போகிற சாலையில் ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிறார்கள். அவர் இடுக்கியில் இரும்பைப் பிடிப்பார், அந்தம்மா சம்மட்டி அடிக்கும். அந்தம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வாழைத்தார் வெட்டுகிற கத்தி, மண்வெட்டி, கடப்பாரை என்று எப்போதும் நாலு பேர் காத்துக்கொண்டு நிற்கிற பட்டறை. என் கத்தியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அந்தம்மா அதை வாங்கி ஒரு தட்டுத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டது.

"இது கட்டடக் கம்பிண்ணே. இதுல உசுரு கிடையாது. நீங்க எத்தனை தடவை தண்ணியில போட்டாலும் கெட்டியாகாது. லாரிக்கு அடியில வளைஞ்சு வளைஞ்சு இருக்குமே பட்டை, அது வேணும்," என்றது.

யாருக்குக் கத்தி என்று கேட்டது. சொன்னேன். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டது. "இருங்கண்ணே, பட்டைத்துண்டு கிடக்கு. நாங்களே அடிச்சுத் தர்றோம். அரைமணி நேர வேலை. அக்கா கை அளவை மட்டும் சொல்லுங்க."

"வேணாம் தங்கச்சி. நான்தான் செய்யணும்," என்றேன்.

இந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொன்னபோது எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தது, பிறகு பட்டைத்துண்டை எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போது, "பழுக்கக் காய்ச்சி எண்ணெயில போடுங்க, தண்ணி வேணாம். அப்புறம் ஒடையாம இருக்க லேசா ஒரு சூடு காட்டணும், வைக்கோல் நெறம் வர்ற வரைக்கும். அதைத் தாண்டி நீலம் வந்துச்சுன்னா போச்சு," என்று சொன்னது. நான் காதில் போட்டுக்கொண்டது பாதி.

லாரிப் பட்டை லேசில் மசியவில்லை. தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. கடையைப் பாதி நாள் சாத்திவிட்டு உலையடியிலேயே கிடந்தேன். நன்றாக வெயில் அடிக்கிற உச்சிப் பொழுதில்தான் வேலை செய்வேன். அவள் அந்த நேரத்தில் தூங்குவாள், புகை தெரியாது. அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். வெயிலில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. இன்னும் காயவில்லை, இன்னும் காயவில்லை என்று நான் காற்றைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். கொல்லுப்பட்டறைகள் ஏன் இருட்டாக இருக்கின்றன என்று ஐம்பத்து நாலு வயது வரை நான் யோசித்ததில்லை.

எண்ணெய் என்று அந்தம்மா சொன்னது ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தாலும் தண்ணீரில் போட்டால் இன்னும் கெட்டியாகும் என்றுதான் நினைத்திருப்பேன். போர்வெல் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்திருந்தேன். முக்கியதும் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். தூக்கிப் பார்த்தால் கூரிலிருந்து முதுகு வரை ஒரு விரிசல். ஐந்து வார உழைப்பு.

நான் அதை எடுத்துச் சுவரில் வீசினேன். இரண்டாக உடைந்து விழுந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால் இரும்பு ரவை ரவையாக இருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், இரும்பை, கரியை, வீடியோக்காரனை, சாமியை. திரும்பினால் அவள் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் வீசிய சத்தத்தில் எழுந்து வந்திருக்கிறாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவப்படாம சொல்லுங்க," என்றாள். "நீங்க இங்க கத்தி செய்ய வர்றீங்களா, இல்ல என் பக்கத்துல உக்கார முடியாம வர்றீங்களா?"

இந்த உலகத்தில் என்னிடம் அப்படிக் கேட்க அவள் ஒருத்தியால்தான் முடியும். அது உண்மை. வீட்டுக்குள் மருந்து வாசனை. கட்டிலில் அவள் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போனாள். பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, கை கால் ஓடவில்லை. உலையடியில் இருந்தால் அடிக்கிறதுக்கு ஒரு இரும்பு இருந்தது. நான் அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரும் ஆஹா என்றது. அவள் மட்டும் அத்தனை நாளும் தனியாகப் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள்தான், "அடுத்ததையாவது உள்ள வந்து செய்யுங்க. நானும் பாக்கறேன்ல," என்றாள்.

உலையை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் பின்வாசலுக்கு நேரே தகரக் கொட்டகை ஒன்று போட்டு, மூன்று பக்கமும் சாக்கு கட்டி, உலையை அதற்குள் மாற்றினேன். அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முதுகுக்குத் தலையணை. காற்றைக் குறைத்து வைத்தேன், புகை அவள் பக்கம் போகாதபடி. பட்டறை அம்மாவிடம் இன்னொரு பட்டைத்துண்டு கேட்டு வாங்கி வந்தேன். உடைந்த கத்தியைக் காட்டியதும் அந்தம்மா, "ரொம்பக் காஞ்சிருக்கு. கண்ணு பழகணும்ணே, அதுக்கு வருசம் ஆவும்," என்றது.

எனக்கு வருஷம் இல்லை. ஆனால் எனக்குக் காந்தம் தெரியும். பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்துக் காந்தத்தை எடுத்துக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். இரும்பு ஒரு அளவுக்குமேல் காய்ந்தால் காந்தம் ஒட்டாது. ஒட்டாமல் போன பிறகு கொஞ்ச நேரம், அவ்வளவுதான், எடுத்துவிடலாம். இந்த ஒன்று மட்டும் நான் என் தொழிலிலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்தது.

எண்ணெய்க்குக் கடையில் இருந்த பழைய மோட்டார் ஆயிலை ஒரு டின்னில் கொண்டுவந்தேன். டின்னைத் திறந்ததும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பத்து நிமிஷம் வாந்தி. முகத்தைத் துடைத்துவிட்டு, "நல்லெண்ணெய்ல போடுங்களேன். எண்ணெய் எண்ணெய்தானே?" என்றாள். பட்டறை அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தாராளமாகப் போடலாம் என்றது.

அந்தி மயங்குகிற நேரத்தில் முக்கினேன். காந்தம் ஒட்டவில்லை, நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு எடுத்து நல்லெண்ணெயில் விட்டேன். குபுக்கென்று ஒரு தீ எழுந்து அடங்கியது. 'டிங்' சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. வெளியே எடுத்து அரத்தை வைத்து இழுத்தால் கண்ணாடியில் இழுப்பது போல வழுக்கிக்கொண்டு போனது. கெட்டியாகிவிட்டது.

"பணியாரம் சுடற வாசனை வருது," என்றாள் அவள். பிறகு, "பணியாரம் திங்கணும் போல இருக்கு," என்றாள். ஒன்றை வேண்டும் என்று அவள் வாயால் கேட்டு இரண்டு மாசம் ஆகியிருந்தது. நான் கத்தியை அப்படியே போட்டுவிட்டு, கடைத்தெருவுக்கு ஓடி மாவு வாங்கி வந்தேன். சுட்ட முதல் ஈடு கருகிவிட்டது. இரண்டாவது ஈட்டில் ஒன்றரைப் பணியாரம் தின்றாள்.

மறுநாள் காலை லேசாகச் சூடு காட்டுகிற வேலை. அதை உலையில் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. தோசைக்கல்லில் வைத்துச் செய்யலாம் என்று அவள்தான் சொன்னாள். கத்தியை வெள்ளையாகத் தேய்த்துத் தோசைக்கல்லில் படுக்க வைத்தேன். அவள் அடுப்படிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "அடுப்பைக் குறைங்க. தோசைக்கே அவ்ளோ தீ ஆவாது," என்றாள். குறைத்தேன். "திருப்பிப் போடுங்க. நடுவுலதான் காயும், ஓரத்துக்கு நகத்துங்க." நகர்த்தினேன். எத்தனையோ ஆயிரம் தோசை சுட்டவள் அவள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாகவே இருந்தது. அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "வருது. அறுத்து ரெண்டு நாள் காஞ்ச வைக்கோல் மாதிரி. எடுங்க, எடுங்க," என்றாள். எடுத்த பிறகுதான் எனக்கு அந்த நிறம் தெரிந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோளில் சதையே இல்லை. ஆனால் அந்த ஒரு காலைப்பொழுது நாங்கள் இரண்டு பேரும் நோயை மறந்துபோனோம். அது சத்தியம்.

பிடிக்குப் பூவரசங்கட்டை. அவள் கையின் அளவு வேண்டுமே, அதற்கு மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஒரு உருண்டை செய்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னேன். "அழுத்தறேனா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம்," என்றேன். அவள் விரல் நாலும் மாவில் பதிந்தன. அந்தப் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டையைச் செதுக்கினேன். மாவு உருண்டையை அலமாரியில் எடுத்து வைத்திருந்தேன். பின்னால் ஒருநாள் பார்த்தபோது எறும்பு தின்றிருந்தது.

செதுக்குகிற வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்கள் பெண் சென்னையிலிருந்து வந்தாள். ஆறு நாள் வைத்திருந்துவிட்டு, டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி ஊசி வேண்டாம், வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். 'நல்லபடியாக' என்ற வார்த்தையை அவர் இரண்டு தடவை சொன்னார். ஊர் திரும்புகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் சம்பா நெல் பச்சைப்பசேல் என்று நின்றது. அவள் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "கத்தி முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிந்தது. பிடிக்கு நல்லெண்ணெய் தடவித் துடைத்தேன். தட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டேன். புதுக் கத்திக்கு முதல் வெட்டு எலுமிச்சம்பழமாக இருக்க வேண்டும் என்பாள். அவள் கூடத்துக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கத்தியைக் கட்டிலடியில் தரையில் வைத்தேன். வைத்துவிட்டு அவள் எடுப்பதற்காக ஒதுங்கி நின்றேன். இருபத்தேழு வருஷப் பழக்கம்.

அவள் கட்டில் விளிம்பில் கையை ஊன்றிக் கீழே எட்டிப் பார்த்தாள். தரை ரொம்பத் தூரத்தில் இருந்தது. அது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"கையிலயே குடுங்க," என்றாள்.

"இரு, ஸ்டூலைக் கொண்டாறேன். அதுமேல வைக்கறேன்."

"அட, குடுங்க. இனிமே நமக்குள்ள என்ன சண்டை வரப்போவுது."

நான் குனிந்து எடுத்தேன். அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அந்தந்தப் பள்ளத்தில் சேர்த்தேன். சரியாக உட்கார்ந்தது. அவள் கையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாள். "கையில இருக்கறது தெரியுது," என்றாள்.

பழத்தை நான் பிடித்துக்கொண்டேன், அவள் அறுத்தாள். மெதுவாகத்தான், ஆனால் ஒரே இழுப்பில், விதையோடு சேர்ந்து இரண்டாகப் பிளந்தது. "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றாள். பிறகு வெண்டைக்காய் இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு பலகையை மடியில் வைத்துக் கொடுத்தேன். நாலு வெண்டைக்காய் நறுக்கினாள், அவளுக்கே உரிய அந்தப் பொடிப்பொடி வட்டங்கள். ஐந்தாவதை எடுத்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "மிச்சத்தை நீங்க நறுக்கிக்கங்க," என்று சொல்லிக் கத்தியைப் பலகைமேல் வைத்தாள்.

நாலு வெண்டைக்காய். அன்றைக்கு அந்தப் பட்டறையில், "சரி தங்கச்சி, அடிச்சுக் குடு," என்று நான் சொல்லியிருந்தால், மூன்று மாசம் அவள் அந்தச் சமையல்கட்டில் ராஜ்யம் பண்ணியிருப்பாள். அரைமணி நேர வேலை. நான்தான் செய்வேன் என்று பிடித்த பிடியில் நின்று, அவளிடமிருந்து மூன்று மாசத்தை எடுத்துக்கொண்டவன் நான். இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் சாஸ்திரத்தை நான் நம்பியதில்லை என்று சொன்னேன் அல்லவா. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நம்பினேன். கையில் கொடுத்தாகிவிட்டது, சண்டை வந்தே தீர வேண்டும். வரும் என்று காத்திருந்தேன். ரசத்தில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "போதுங்க," என்றாள். அவள் ஆசையாக வைத்த கொல்லை முருங்கையை வெட்டிவிடப் போகிறேன் என்றேன். "சரிங்க," என்றாள். வீட்டுக்கு அவளுக்குப் பிடிக்காத அந்தப் பச்சைப் பெயிண்டையே அடிக்கப்போகிறேன் என்றேன். "சரிங்க."

கடைசியாக அவள் அண்ணனை இழுத்தேன். அது ஒருநாளும் தப்பாது. அவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினேன், பேசிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்தாள். நான் எதற்காகப் பேசுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. லேசாகச் சிரித்தாள். "சரிங்க, விடுங்க," என்று சொல்லி என் கைமேல் கையை வைத்தாள். நான் கொட்டகைக்குப் போய்த் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன்.

பதினேழு நாள் இருந்தாள். பதினேழு நாளும் சண்டை வரவில்லை. சம்பா கதிர் விட்டிருந்த சமயம், பால்காரர் மணி அடித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் ஓடி வந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைக்க உறவுக்காரப் பெண்கள் வந்திருந்தார்கள். அவள் அண்ணன் மனைவி காய் நறுக்க உட்கார்ந்து, கத்தி வேண்டும் என்று என்னிடம் கையை நீட்டினார். நான் அவள் கத்தியைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். வேறு யாரோடும் எனக்குச் சண்டை வேண்டாம்.